மறுமுறையும் படிக்கச் சொன்னவள் நான்

மெய்யப்பா,

நான் பரிசோதனைக்கு மறுத்துவிட்டேன் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். நான் மறுக்கவில்லை. இன்னொரு முறை செய்யச் சொன்னேன். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாதவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் கார்த்திகைக்குக் குன்றக்குடி போயிருந்தபோது, மூச்சு வாங்கியதால் படியேறாமல் மலையடியிலேயே உட்கார்ந்திருந்தேன். நம் பங்காளி வீட்டு மருமகள் ஒருத்தி பக்கத்தில் வந்து குனிந்து, "ஏன் ஆச்சி, ஜீனைப் படிச்சா பரம்பரை நோயெல்லாம் வெளிய வந்துரும்னு பயந்துட்டீகளாமே?" என்று கேட்டாள். "உனக்கு யாரு சொன்னாக?" என்றேன். "மெட்ராஸ்லருந்துதான் பேச்சு வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் பிரசாதம் வாங்கப் போய்விட்டாள். சென்னையில் எனக்கு இருப்பது நீ ஒருவன்தான். நீ சொல்லியிருப்பாய் என்று நான் முடிவு கட்டவில்லை. சொல்லியிருக்க மாட்டாய் என்றும் என்னால் உறுதியாக நினைக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். இதை நகல் எடுத்து, பேசியவர்கள் எல்லார் வீட்டுக்கும் ஒன்று கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அரைகுறையாகப் பேசுவதைவிட முழுதாகப் படித்துவிட்டுப் பேசட்டும்.

நீ கேட்பது என்ன என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். தை பிறந்ததும் நான் இந்த வீட்டை விட்டு உன்னோடு சென்னைக்கு வந்துவிட வேண்டும். வீட்டை ஓட்டல்காரர்களுக்கு நீண்ட குத்தகைக்கு விட நான் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு நீ சொல்லும் காரணம் என் நுரையீரலில் இருக்கும் ஒரு கிருமி. இந்த வீட்டுத் தண்ணீரிலிருந்துதான் அது வந்தது, ஆகவே இங்கே இருக்கக்கூடாது என்கிறாய். காரணம் நியாயமாகத்தான் தெரிகிறது. நியாயமாகத் தெரியும் காரணத்தைத்தான் நான் இரண்டு தரம் பார்ப்பேன்.

போன மழைக்காலத்தில் இருமல் தொடங்கியது. உள்ளூர் டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார், சளியைக் கண்ணாடியில் தடவிப் பார்த்தார். சிவப்பாகக் குச்சி குச்சியாகத் தெரிகிறது, காசநோய்தான் என்றார். மாத்திரை கொடுத்தார்கள். கோடை முழுவதும் விழுங்கினேன். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனது, சோறு கசந்தது, ரவிக்கையெல்லாம் தொளதொளத்தன. நம் வீட்டின் மறுபாதியில் இருக்கும் உன் சித்தப்பா பெண்டாட்டி வள்ளியம்மை, என் கண்முன்னாலேயே என் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். "தப்பா நினைக்காதீக ஆச்சி, பேரப்பிள்ளைக வந்து போற வீடு" என்றாள். தப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பதால் அந்த டம்ளரிலேயே குடித்தேன். இத்தனைக்குப் பிறகும் இருமல் போகவில்லை. "மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுறீகளா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். கன்னியாஸ்திரிகளிடம் விடுதியில் வளர்ந்தவள் நான். மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் உண்டவள். என்னைப் பார்த்து அந்தக் கேள்வி! மருந்தின் மேல் சந்தேகம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு நோயாளியின் மேல் சந்தேகம் வந்தது. அன்றோடு அங்கே போவதை நிறுத்தினேன்.

மதுரை டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தது நீ. அந்தப் பெருமை உனக்குரியது, அதை நான் மறைக்கமாட்டேன். உன் வயதுகூட ஆகாத பெண். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்கிறவள். "ஆச்சி, காசநோய்க் கிருமிக்குச் சொந்தக்காரக் கிருமிங்க நிறைய இருக்கு. மைக்ராஸ்கோப்புல பார்த்தா எல்லாம் ஒரே முகமாத்தான் தெரியும். ஆனா ஒண்ணுக்குக் குடுக்குற மருந்து இன்னொண்ணுக்குக் கேக்காது. அதோட ஜீனைப் படிச்சாத்தான் இது யாருன்னு தெரியும்" என்றாள். "அதாவது, கோயில் ஒண்ணு, வீடு வேற" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. ஒரே கோயிலைச் சேர்ந்த பங்காளிகள் முகச்சாயலில் ஒன்றுபோல இருந்தாலும் அடுப்பும் கணக்கும் வேறுவேறு என்று நான் விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "அதேதான் ஆச்சி. இந்தப் பங்காளி தண்ணியிலயும் மண்ணுலயும் இருப்பான். ஒருத்தர்கிட்டயிருந்து இன்னொருத்தருக்குத் தொத்த மாட்டான்."

நான் சும்மா எழுந்து வரவில்லை. "கிருமியோட ஜீனைப் படிக்கையில என்னோடதையும் படிப்பீகளா?" என்று கேட்டேன். சளியில் நோயாளியின் அணுக்களும் கலந்துதான் இருக்கும், கம்ப்யூட்டர் அதை ஒதுக்கிவிட்டுக் கிருமியினுடையதை மட்டும் எடுத்துக்கொள்ளும் என்றாள். "ஒதுக்குனதை யாரு பாத்துக்கிருவாக?" என்றேன். அவளுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள், ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்டு, அழித்துவிடுவதாகப் பதில் வாங்கியும் கொடுத்தாள். இன்னொன்றும் கேட்டேன். படித்த எழுத்துகளை ஏற்கெனவே தெரிந்த கிருமிகளோடு ஒப்பிட்டுத்தானே பெயர் சொல்கிறார்கள், பட்டியலில் இல்லாத கிருமியாக இருந்தால் என்ன செய்வார்கள் என்று. "தெரியலைன்னு எழுதிருவாங்க ஆச்சி." தெரியவில்லை என்று எழுதத் தெரிந்தவர்களை நம்பலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. இதைத்தான் பரம்பரை நோய்க்குப் பயந்தேன் என்று மாற்றிப் பேசியிருக்கிறார்கள். படித்தது கிருமியின் பரம்பரையை. நம்முடையதை அல்ல.

ஆடி மாதம் முடிவு வந்தது. அரிதாக வரும் ஒரு கிருமி, காசநோய் இல்லை. நீ போனில், "ஆத்தா, கண்டுபிடிச்சுட்டாங்க!" என்று கத்தினாய். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, அந்தக் காகிதத்தை நானே வாசிக்கும் வரை. முதல் பக்கத்தில் என்னை ஆண் என்று அச்சிட்டிருந்தார்கள். டாக்டரம்மாவிடம் காட்டினேன். "அது டைப் அடிக்கிறவங்க தப்பு ஆச்சி" என்றாள். "கிருமி பேரையும் அவுகதானே டைப் அடிச்சாக?" என்றேன். திருத்தி வாங்கிக் கொடுத்தாள். ஆனால் எனக்கு ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. என்னை ஆணா பெண்ணா என்று பார்க்காதவர்கள் வேறு எதைப் பார்க்காமல் விட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். யோசித்ததில் அகப்பட்டது அவர்கள் விட்டது அல்ல, நான் செய்தது.

நம் வீடுகளில் வாய் கொப்பளிக்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. பிறர் கையில் கொடுக்கப்போகும் ஒன்றை, அது சளியே ஆனாலும், எழுந்த வாயோடு துப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முற்றத்து அண்டாவில் பிடித்து வைத்திருக்கும் மழைத்தண்ணீரை மொண்டு நன்றாகக் கொப்பளித்தேன். பிறகுதான் சளி எடுத்துவரச் சொல்லி மதுரையில் கொடுத்த குப்பியில் துப்பினேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் பருப்பு வேகவைக்கவும் குடிக்கவும் காலங்காலமாக நாம் வைத்துக்கொள்வது அந்த மழைத்தண்ணீரைத்தானே. தண்ணீரில் வாழும் கிருமி என்று டாக்டரம்மா சொன்னாளே. அப்படியானால் அந்தக் குப்பியில் அவர்கள் படித்தது என் நெஞ்சிலிருந்து வந்ததையா, என் அண்டாவிலிருந்து வந்ததையா?

உன் கல்யாணத்துக்கு நகை எடுத்தது உனக்கு நினைவிருக்காது, நீ மாப்பிள்ளையாக மிதப்பில் இருந்தாய். பழைய சங்கிலி ஒன்றை மாற்றிப் புதிது வாங்கும்போது, கடைக்காரர் அதை உரைகல்லில் உரசிப் பார்த்து மாற்றுக் குறைவு என்றார். உன்னைப் பெற்ற அப்பச்சி தன் மேல்துண்டை எடுத்துக் கல்லை அழுத்தித் துடைத்துவிட்டு, "இப்ப உரசுங்க, பாப்போம்" என்றார்கள். முந்தி வந்தவர் நகையின் பொடி கல்லில் ஒட்டியிருந்திருக்கிறது. உரசுகிறவர் பொய் சொல்லவில்லை. கல்லும் பொய் சொல்லவில்லை. இருந்ததைக் காட்டியது, அவ்வளவுதான். ஜீனைப் படிக்கிற இயந்திரமும் அப்படித்தான் என்பது என் எண்ணம். எத்தனை நுட்பமான இயந்திரமாக இருந்தாலும் குப்பியில் உள்ளதைப் படிக்குமே தவிர, அது குப்பிக்குள் எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது. உனக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது, புத்தி சொல்லும் வயது கடந்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன். யார் எந்த முடிவைக் கொண்டுவந்து நீட்டினாலும், முடிவு என்ன என்று கேட்பதற்கு முன்னால் எதை வைத்துப் பார்த்தீர்கள் என்று கேள்.

மதுரைக்குப் போய்ச் சொன்னேன். டாக்டரம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "ஆச்சி, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" "நீங்க கேக்கலையே." "காய்ச்சி ஆறவச்ச தண்ணியில கொப்பளிக்கணும்னு குப்பி குடுத்தவங்க சொல்லலையா?" "குப்பி குடுத்த பிள்ளை போன்ல பேசிக்கிட்டே குடுத்துச்சு." ஆனாலும் நான் கேட்பது நியாயம்தான் என்றாள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் விட்டு, சுத்தமான உப்புநீரைச் செலுத்தி, அதையே உறிஞ்சி எடுத்துப் படித்தால் வாய்த் தண்ணீர் கலக்காது. ஆனால் இந்த வயதில் அது சிரமம், மயக்கம் கொடுக்க வேண்டும் என்றாள். செய்யுங்கள் என்றேன். இதைத்தான் மறுத்துவிட்டேன் என்கிறார்கள்!

வேண்டாம் என்று சொன்னது யார் தெரியுமா? நீ. "இந்த வயசுல எதுக்கு ஆத்தா இதெல்லாம்? முதல் ரிப்போர்ட்டே போதும். மருந்தை ஆரம்பிச்சுட்டு இங்க வந்துருங்க. கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாய். மருந்துக்கும் கையெழுத்துக்கும் என்ன தொடர்பு என்று அப்போது கேட்டேன். "லைன் சரியில்லை" என்றாய். அது ஒரு நாள் இரண்டு நாள் விழுங்கும் மருந்து அல்ல என்பது உனக்குத் தெரியும். மூன்று மருந்துகள், சளி சுத்தமாகி அதன்பிறகும் ஒரு வருடம். அதில் ஒன்று கண்ணைப் பாதிக்கலாம், சிவப்பும் பச்சையும் மங்கினால் உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்தாள். எனக்கு மிச்சம் இருப்பது வாசிப்பு ஒன்றுதான். அண்டாவில் இருந்த கிருமிக்காக என் கண்ணைக் கொடுக்க நான் தயாராக இல்லை. உன் அப்பச்சி கடைசிக் காலத்தில் இருமி இருமியே போனார்கள். கடைசிவரை அது என்ன இருமல் என்று ஒரு டாக்டரும் பெயர் சொல்லவில்லை. ஆளுக்கொரு மருந்து மட்டும் கொடுத்தார்கள். எனக்கு வந்ததற்குப் பெயர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான் என்று உனக்குத் தோன்றவேயில்லையா?

ஐப்பசியில் குழாய் விட்டார்கள். துணைக்கு வந்தவள் வள்ளியம்மை. தொற்றாது என்று தெரிந்த மறுநாளே என் டம்ளரைத் தன் டம்ளர்களோடு கொண்டுவந்து அடுக்கியவள் அவள். காரில் திருப்பத்தூர் தாண்டும்போது, "ஆச்சி, மயக்கத்துல ஏதாச்சும் உளறிட்டீகன்னா?" என்றாள். "உளறுனா ஊருக்குச் சொல்லிரு. உனக்கும் பொழுது போகணும்ல." "போங்க ஆச்சி, நான் என்ன தண்டோராவா?" என்று கோபித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் இரண்டு சின்னக் குப்பிகளை மடியில் வைத்திருந்தேன். டாக்டரம்மா கொடுத்து அனுப்பிய சுத்தமான குப்பிகள். ஒன்றில் அண்டாத் தண்ணீர். மற்றதில், போன வருடம் நீ ஆள் வைத்து என் குளியலறையில் பொருத்திக் கொடுத்த ஷவரின் தண்ணீர். அதையும் கொண்டுவரச் சொன்னவள் டாக்டரம்மா. ஷவரில் தண்ணீர் தூளாகத் தெறித்து மூச்சோடு உள்ளே போகும், அண்டாவைவிட அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்றாள்.

இரண்டாம் முடிவும் வந்துவிட்டது. இந்தத் தடவை என்னைப் பெண் என்று சரியாக அச்சிட்டிருக்கிறார்கள். நுரையீரலிலிருந்து எடுத்ததில் அதே கிருமி இருக்கிறது. முதல் முடிவு சரி. என் சந்தேகம் வீண்போயிற்று, அதை நானே எழுதுகிறேன், வேறு யாரும் எனக்காக எழுத வேண்டியதில்லை. ஆனால் கேட்டது வீண் அல்ல. இப்போது அந்த மருந்தை விழுங்கும்போது எதற்காக விழுங்குகிறேன் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை தொடங்குகிறேன். கண் டாக்டரிடமும் நாள் வாங்கியாகிவிட்டது.

தண்ணீர் முடிவையும் எழுதுகிறேன், ஏனென்றால் உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதில் பாதிதான் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அண்டாவிலும் அந்த இனக் கிருமி இருந்தது. ஷவரிலும் இருந்தது. எதிலிருந்து எனக்கு வந்தது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, எழுத்து எழுத்தாக முழுவதையும் ஒப்பிட்டால் ஒருவேளை தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்றாள் டாக்டரம்மா. ஆனால் ஊரில் எல்லாருக்கும் அண்டா தெரிந்திருக்கிறது, ஷவர் ஒருவருக்கும் தெரியவில்லை. நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மதிப்பெண் அட்டையைக் கொண்டுவந்து, கணக்கு மதிப்பெண் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டு, "இங்க போடுங்க ஆத்தா" என்று கையெழுத்து வாங்கப் பார்ப்பாய். உன் கட்டைவிரலை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் நான் பேனாவைத் திறப்பேன். நீ அப்போது அழுவாய். இப்போது போனை வைத்துவிடுகிறாய்.

வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். அவளுக்கு ஆச்சரியம். "யாரு சொன்னா? அப்படிப் பார்த்தா சென்னையில மட்டும் ஷவர் இல்லையா ஆச்சி? தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடிங்க. ஷவரைக் கழட்டிட்டு வாளியில மொண்டு குளிங்க. மண்ணைக் கிளறும்போது முகத்தை மூடிக்குங்க. வீடு என்ன பண்ணுச்சு?" ஷவரை அன்றே கழற்றச் சொல்லிவிட்டேன். அண்டாவைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்திருக்கிறது. ஆக, வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக நீ சொன்னாய். டாக்டர் சொல்லவில்லை. பிறகு யார் சொன்னது?

அதையும் வள்ளியம்மையின் வாயிலிருந்துதான் பிடுங்க வேண்டியிருந்தது. மதுரையிலிருந்து திரும்பும்போது, மயக்கம் தெளிந்து நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துத் தன் மகளோடு போனில் பேசினாள். "ஆச்சி கையெழுத்துப் போடுறவகளாத் தெரியலைடி. அவுக வந்து அளந்துட்டுப் போயி எம்புட்டு நாளாச்சு." நான் கண்ணைத் திறந்து, "யாரு வந்து அளந்தாக?" என்றேன். அவள் போனை மடியில் கவிழ்த்தாள். "அதான் ஆச்சி, ஓட்டல்காரவுக. உங்களுக்குத் தெரியும்னுல நினைச்சேன்." "எப்ப?" "நீங்க கோவிலூருக்குப் போயிருந்தீகளே, அன்னைக்கு. வெயில் காலம். நீங்க அந்தக் காசநோய் மாத்திரையைச் சாப்பிட்டுக்கிட்டிருந்தீக. முற்றத்தை அங்குட்டும் இங்குட்டும் டேப் வச்சு அளந்தாக. மெய்யப்பன்தான் போன்ல வழி சொல்லிக்கிட்டிருந்துச்சு." காரைக்குடி வரும்வரை நான் விரல்விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டே வந்தேன்.

மெய்யப்பா, உனக்குப் பணமுடை இருந்தால் சொல். இல்லை, இவ்வளவு பெரிய வீட்டின் என் பாதியில் நான் தனியாக விழுந்து கிடப்பேனோ என்று உனக்கு உறக்கம் வரவில்லை என்றால் அதைச் சொல். உனக்கு அப்படிக் கவலை இருக்கும் என்பதை நான் நம்பாமல் இல்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் உட்கார்ந்து பேசுவேன். குத்தகைக்கு விடுவது பாவம் என்று நான் நினைக்கவில்லை. பூட்டிக் கிடந்து வௌவால் அடையும் வீடுகளைவிட ஆள் நடமாடும் வீடு மேல். நான் பொறுக்காதது, என் நோயைக் காரணமாக முன்னால் நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் வேறொன்றைக் கொண்டுவருவது. பெரியவர்களுக்கு நல்லது செய்வதாக இருந்தால் முழுவதையும் சொல்லிவிட்டுச் செய். பாதியைச் சொன்னால், அந்த நல்லதையும் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொள்வார்கள். உன் பிள்ளைகளும் ஒரு நாள் உனக்கு நல்லது செய்ய வருவார்கள்.

கோயிலுக்கு வரி எழுதும் கணக்கில், கணவன் மனைவியாக இருக்கும் வரை ஒரு குடும்பம் ஒரு புள்ளி. உன் அப்பச்சி போனதிலிருந்து நான் அரைப்புள்ளி. அதில் எனக்கு வருத்தமில்லை, முறை அது. ஆனால் இந்த வீட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்து அரைக் கையெழுத்து ஆகாது. நான் போட்டால்தான் குத்தகை. போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அது உன் பதிலைப் பொறுத்தது.

வள்ளியம்மைக்கு மாதங்களைக் குழப்பும் வழக்கம் உண்டு. அவள் சொன்னதை மட்டும் வைத்து உன்னை நான் தீர்மானிக்க மாட்டேன். அதனால் உன்னிடமே கேட்கிறேன். ஓட்டல்காரர்களுக்கு நீ வாக்குக் கொடுத்தது, எனக்கு இந்தக் கிருமி என்று முடிவு வருவதற்கு முன்பா, பின்பா? போனில் சொல்ல வேண்டாம். உன் கையால் காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பு.

உன் ஆத்தா